கதைசொல்லியின் குரல்: ஸ்ரீரங்கத்து அங்கதமும் சின்னத்திரையும்

தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர்கள் எழுதிப் பெயர்பெற்றவர்கள் பிற்காலத்தில் அங்கதப் புதினங்களுக்குத் திரும்புவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நன்கு பழகிய பாதை. 1960களில் பி.பி.சி.யின் அரசியல் நையாண்டி நிகழ்ச்சிகளுக்கு எழுதிய டேவிட் நாப்ஸ், அலுவலக வாழ்வின் அபத்தத்தைச் சொல்லும் ரெஜினால்ட் பெரின் புதினத்தை 1975இல் வெளியிட்டார். 'தி யங் ஒன்ஸ்', 'பிளாக்ஆடர்' தொடர்களை எழுதியவர்களுள் ஒருவரான பென் எல்ட்டன் 1989இல் 'ஸ்டார்க்' புதினத்துடன் எழுத்துலகுக்குள் நுழைந்தார். 'தி சிம்ப்சன்ஸ்' தொடருக்கு மற்ற எவரையும்விட அதிகமாக 59 அத்தியாயங்கள் எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், 2004 முதல் சிறு அங்கதப் புதினங்களைத் தாமே அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' உள்ளிட்ட தொடர்களில் பணியாற்றிய மரியா செம்பிள், சியாட்டில் நகரத்து நடுத்தர மேட்டிமையைக் கேலி செய்யும் புதினம் ஒன்றை 2012இல் எழுதினார். இவர்களை இப்படித் திரும்பவைத்த காரணங்களுள் பணமும் சலிப்பும் இருந்திருக்கக்கூடும். ஆனால் எழுத்தின் உள்ளமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. தொலைக்காட்சிப் பிரதியில் எழுத்தாளனுக்குக் கிடைப்பது பாத்திரங்களின் வாய் மட்டுமே. அவர்களை ஓரமாக நின்று பார்த்து, பார்த்ததைத் தன் தொனியில் சொல்லும் கதைசொல்லிக்கு அங்கே இருக்கை இல்லை. ஸ்வார்ட்ஸ்வெல்டரின் முதல் புதினம் திறமையற்ற துப்பறிவாளன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது தற்செயல் அன்று.

தமிழில் இந்தப் பாதை பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. இங்கே அங்கதம் வார இதழ்களிலும் மேடையிலும் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்த பிறகே சின்னத்திரைக்குப் போனது. போகும் வழியில் கதைசொல்லியை இழந்தது. இந்த நகர்வை ஆராய ஸ்ரீரங்கத்தைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன், இதழின் கடைசிப் பக்கம், சிறுகதை, தொடர்கதை, மேடை, தொலைக்காட்சி, திரைப்படம் என எல்லா வடிவங்களிலும் அங்கதத்தைச் சோதித்துப் பார்த்தவர் என்பதால், எந்த வடிவத்தில் அது எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதை ஒரே மனிதரின் எழுத்தை வைத்து ஒப்பிட முடிகிறது.

அங்கதம் என்பது குற்றத்தையோ அபத்தத்தையோ சிரிப்பின் வழியாகச் சுட்டும் எழுத்து. நகைச்சுவை சிரிக்க வைப்பதோடு நிறைவடையலாம்; அங்கதத்துக்கு ஓர் இலக்கு வேண்டும். தொல்காப்பியத்தின் செய்யுளியல் இதை இரண்டாகப் பகுக்கிறது. பழிப்பை வெளிப்படையாக நேரே சொல்வது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்து வேறொன்றைச் சொல்வதுபோல் சொல்வது பழிகரப்பு அங்கதம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு மரபின் வகைப்பாட்டைத் தொலைக்காட்சிக்குப் பொருத்துவது வலிந்த செயலாகத் தோன்றலாம். ஆயினும் காவிரியின் இரு கரைகளிலும் இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இந்தப் பகுப்பு வியக்கத்தக்க அளவுக்குப் பயன்படுகிறது.

தென்கரையில் திருச்சிராப்பள்ளி, நாடகத்துக்குப் பெயர்போன நகரம். ரயில்வே அதிகாரியும் நாடக நடிகருமான எஃப். ஜி. நடேச ஐயர் 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் மேடையிலிருந்துதான் சிறுவன் தியாகராஜன், பின்னாளில் எம். கே. தியாகராஜ பாகவதர் ஆனவர், வெளியுலகுக்குத் தெரிய வந்தார். அதே நகரத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, 1979இல் அங்கேயே மறைந்த எம். ஆர். ராதா, செம்பொருள் அங்கதத்தின் உச்சம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் அவர் ஏற்ற மோகன் என்ற பாத்திரம், கதையின் சம்பவங்களை நடித்துக்காட்டுவதோடு நில்லாமல், அன்றன்றைய அரசியலையும் பக்தியையும் பணக்காரர்களையும் பற்றி மேடையிலேயே கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பிரதியில் இல்லாத வசனங்கள் அன்றைய செய்தித்தாளிலிருந்து மேடைக்கு வந்தன. வேறு சொற்களில் சொன்னால், ராதா பாத்திரமாகவும் கதைசொல்லியாகவும் ஒரே உடலில் நின்றார். அதன் வலிமையை அரசும் உணர்ந்திருந்தது: 1954ஆம் ஆண்டின் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம், மேடையேறும் நாடகங்களின் பிரதியை அதிகாரிகள் முன்கூட்டியே கேட்டுப் பெறவும், ஆட்சேபத்துக்குரியது எனக் கருதினால் தடுக்கவும் வகைசெய்தது, முதன்மையாக அவருடைய நாடகங்களை மனத்தில் வைத்து.

வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், ஏழு மதில்களுக்குள் அமைந்த ஸ்ரீரங்கத்தின் சுபாவம் வேறு. உத்தர வீதிகளும் சித்திரை வீதிகளும் கோயிலைச் சுற்றிச் செல்ல, வீடுகளின் திண்ணைகள் தெருவைப் பார்த்து அமைந்திருக்க, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் நாள் முழுதும் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய ஊர் அது. 1987இல் பதின்மூன்று நிலைகளுடன் ராஜகோபுரம் கட்டி முடிக்கப்படும்வரை, தெற்கு வாசலில் பல நூற்றாண்டுகளாக அரைகுறையாக நின்ற அடித்தளத்தை ஊரார் மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தார்கள். இத்தகைய ஊரில் பழிப்பை நேரே சொல்ல முடியாது. நாளை காலையிலும் அதே மனிதரை அதே தெருவில் எதிர்கொண்டாக வேண்டும். எனவே இங்கே விளைந்தது பழிகரப்பு அங்கதம்: ஒருவரைப் புகழ்வதுபோல், அல்லது வெறுமனே விவரிப்பதுபோல், குறையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் கலை.

இந்தத் தீவுக்கும் நகரத்துக்கும் இடையே இன்னொரு பாலமும் இருந்தது. 1939 மே மாதம் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம், சென்னைக்குப் போகாமலேயே எழுதிச் சம்பாதிக்கக்கூடிய முதல் வாய்ப்பை இப்பகுதி இளைஞர்களுக்கு அளித்தது. திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி. எஸ். ரங்கராஜன் என்ற இளைஞர் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதோடு, வானொலிக்குக் கதைகளும் நாடகங்களும் எழுதிப் பழகி, பிறகு வாலி என்ற பெயரில் திரைப்பாடலுக்குப் போனார். ஸ்ரீரங்கம் ஒரே தலைமுறையில் இரண்டு ரங்கராஜன்களைத் தமிழ் வெகுமக்கள் எழுத்துக்குக் கொடுத்தது என்பதும், இருவருமே அந்தப் பெயரில் எழுதவில்லை என்பதும் அந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. பெருமாளின் பெயரைத் தெருவுக்குப் பத்துப் பேர் தாங்கியிருக்கும் ஊரில் புனைபெயர் ஆடம்பரமன்று, தேவை.

சுஜாதா 1935இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். தந்தையின் பணிமாற்றங்கள் காரணமாக ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் படித்தார். இந்த வாழ்க்கைக் குறிப்பில் அங்கதத்தின் விதை இருக்கிறது. பெற்றோர் வெளியூரில் இருக்க, பாட்டியின் வீட்டில் தங்கிப் படிக்கும் பையன் அந்தத் தெருவுக்கு உரியவன்தான், ஆனால் முழுவதும் உரியவனல்லன். பாலத்தைக் கடந்து தினமும் கிறித்தவக் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்துவிட்டுத் திரும்பும்போது இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. பின்னர் குரோம்பேட்டையில் மின்னணுப் பொறியியல், டில்லியில் விமானப் போக்குவரத்துத் துறை, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று அவர் தொலைவு சென்றுகொண்டே இருந்தார். அவருடைய முதல் கதை திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' இதழில் 1953இல் வெளிவந்தது. 1960களில் குமுதத்தில் எழுதத் தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பத்தைத் தவிர்க்க மனைவியின் பெயரை ஏற்றார்.

ஆனால் அங்கதத்துக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் வேறு. கி. கஸ்தூரிரங்கன் 1965இல் டில்லியில் தொடங்கிய 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தை அவர் ஸ்ரீரங்கம் எஸ். ஆர். என்ற கையொப்பத்துடன் எழுதினார். திரைப்படம், புதுக்கவிதை, இலக்கியக் கூட்டங்கள், அரசு அலுவலகம், விளம்பரம் எனக் கையில் கிடைத்த எதையும் சில பத்திகளில் கிழித்துப்போடும் அந்தப் பக்கங்கள், உண்மையில் தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சி ஒன்று செய்யக்கூடிய வேலையைத் தொலைக்காட்சி தமிழ்நாட்டுக்கு வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே செய்துகொண்டிருந்தன. குறுகிய நீளம், நடப்புச் செய்தியைப் பற்றிய குறிப்பு, திடீரென முடிந்துவிடும் கடைசி வரி, மாதந்தோறும் எதிர்பார்த்துத் திறக்கும் வாசகர் கூட்டம் என்று அந்த வடிவத்தின் இலக்கணமே அப்படி. குமுதத்தில் தொடர்கதை எழுதிக் கிடைத்த புகழைவிட இந்தச் சிறுபத்திரிகைப் பக்கம் அவருடைய நடையை அதிகம் வடிவமைத்தது என்று கருத இடமுண்டு.

அங்கதக் கதைசொல்லியாக அவர் முழுமை பெற்றது 1980களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் வெளிவந்த 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' வரிசையில்தான். தலைப்பில் தேவதைகள் இருந்தாலும் கதைகளில் வருபவர்கள் தெருவில் சுற்றித்திரிந்து கேலிக்கு இலக்கான குண்டு ரமணி, 'ஏறக்குறைய ஜீனியஸ்' என்று ஊர் மதிப்பிட்ட மனிதர், செய்தித்தாளில் பெயர் வந்துவிட வேண்டும் என்று தவிக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், வம்பளப்பின் தலைமையகமான ரங்கு கடையில் கூடுகிறவர்கள் ஆகியோரே. இவர்கள் ஒவ்வொருவரையும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பாத்திரமாக வைக்கலாம். வைத்தால் சிரிப்பும் வரும். ஆனால் கதைகளில் இயங்குவது வேறு பொறி. சொல்பவன் ஒரு பையன். அவனுக்குப் புரிவது பாதி. அந்தப் பையனுக்குப் பின்னால், பல ஆண்டுகள் கழித்து வேறு நகரத்திலிருந்து நினைவுகூரும் நடுவயது மனிதன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு எல்லாம் புரிகிறது, ஆனால் அவன் அதிகம் பேசுவதில்லை. பையன் சிரிக்கும் இடங்களில் பெரியவன் சிரிக்க மறுப்பதும், பையன் பயப்படும் இடங்களில் பெரியவன் மெல்லச் சிரிப்பதும் சேர்ந்தே இக்கதைகளின் அங்கதத்தை உண்டாக்குகின்றன. இலக்கு தெருவில் திரியும் பெண்ணன்று, அவளைப் பார்த்துச் சிரித்த தெரு. அந்தத் தெருவில் சொல்பவனும் அடக்கம். பழி கரந்து நிற்பது இந்த இரண்டு குரல்களுக்கு இடையிலான வெளியில்தான்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கதைசொல்லியின் பார்வை திண்ணையிலிருந்து தெரியும் தூரத்தைத் தாண்டுவது குறைவு. கோயில் வீதிகளில் வாழ்ந்த வைணவ பிராமணக் குடும்பங்களின் அற்பத்தனங்களை இரக்கமின்றியும் இரக்கத்தோடும் அவர் எழுதினாலும், அந்த வீதிகளின் ஒழுங்கு யாரை வெளியே நிறுத்தியது என்ற கேள்வி பின்னணியிலேயே தங்கிவிடுகிறது. ஆற்றின் மறுகரையில் ராதா அந்தக் கேள்வியைத்தான் மேடையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து கூவினார். ஸ்ரீரங்கத்துக் கதைகளைத் தமிழ் அங்கதத்தின் உச்சம் என்று கொண்டாடுபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுவது வசதியானது, ஆனால் நியாயமானதன்று.

மேடை சுஜாதாவுக்குக் கதைசொல்லி இல்லாமல் எழுதும் பயிற்சியை அளித்தது. 1947இல் இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழ் வானொலியில் வாசித்தவரும், பின்னர் நாடகக் குழு நடத்தியவருமான பூர்ணம் விஸ்வநாதன், சுஜாதாவின் நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றினார். அவற்றுள் 'கடவுள் வந்திருந்தார்' இங்கே முக்கியமானது. ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரின் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். அவன் அவருடைய கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். காற்றோடு பேசும் முதியவரைக் குடும்பம் முதலில் பைத்தியம் என்கிறது. பிறகு ஊர் அவரைத் தெய்வாம்சம் பொருந்தியவர் என்று கொண்டாடத் தொடங்குகிறது. ஒரே நடத்தை, இரண்டு தீர்ப்புகள். இரண்டுக்கும் இடையே மாறியது முதியவரின் நிலையன்று, அவரால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம். கதைசொல்லியின் தொனி செய்திருக்கக்கூடிய வேலையை இங்கே சூழ்நிலையின் அமைப்பே செய்துவிடுகிறது. பார்வையாளனுக்கும் முதியவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் உண்மை மற்ற பாத்திரங்களுக்குத் தெரியாது என்ற ஏற்பாடு, மேடையில் கதைசொல்லிக்கு மாற்றாக நிற்கிறது. தொலைக்காட்சி எழுத்தாளர்கள் அறிந்து பயன்படுத்தும் உத்தியும் இதுவே.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் தொடங்கியது. பிறந்த வேளையே அதன் சுபாவத்தைத் தீர்மானித்துவிட்டது என்று சொன்னால் சோதிடமாகிவிடும். எனினும் அரசின் கையில் இருந்த அந்த ஊடகத்தில் செம்பொருள் அங்கதத்துக்கு இடமில்லாமல் போனது இயல்பே. சோ ராமசாமி 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை மேடையில் நடத்தி, 1970இல் 'துக்ளக்' இதழையும் தொடங்கிவிட்ட ஒரு மாநிலத்தில், அரசியல் கேலி வேண்டியவர்கள் சபாவுக்கோ பெட்டிக்கடைக்கோ போனார்களே தவிர, தொலைக்காட்சிப் பெட்டிமுன் உட்காரவில்லை. தொலைக்காட்சி தன் நகைச்சுவைக்கு ஏற்கெனவே சோதிக்கப்பட்ட சரக்கையே நாடியது. எஸ். வி. சேகர் நடித்த 'வண்ணக் கோலங்கள்' சபா நாடகத்தின் சிரிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது. தேவன் 1940களில் விகடனில் எழுதிய 'துப்பறியும் சாம்பு', காத்தாடி ராமமூர்த்தியின் நடிப்பில் தொடராயிற்று. சாம்புவை அச்சில் படித்தவர்கள் அவனுடைய அசட்டுத்தனத்தை மட்டுமா ரசித்தார்கள்? அந்த அசட்டுத்தனத்தைப் பெரும் அறிவாற்றல்போல் முகம் மாறாமல் வர்ணிக்கும் தேவனின் நடையை ரசித்தார்கள். திரையில் சாம்பு வந்தான்; தேவன் வரவில்லை.

இதே தொலைக்காட்சியில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது வரலாற்றின் நல்ல வேடிக்கைகளுள் ஒன்று. ஆனந்த விகடனில் வெளிவந்த இந்த அறிவியல் புதினம், அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 2020களின் தொடக்கத்தில் ஜீவா என்ற ஒற்றைத் தலைவனின் கீழ் வாழும் நாட்டைக் காட்டுகிறது. மக்களின் பெயர்கள்கூட நிலா, சிபி, ரவி, மனோ என்று இரண்டெழுத்துக்குள் சுருங்கிவிட்டன; குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும்; கணவனைக் காணாமல் தேடும் பெண்ணுக்கு அலுவலகங்கள் அவன் இருந்ததையே மறுக்கின்றன. நாடு முழுதும் வணங்கும் தலைவன் உண்மையில் மனிதனே அல்லன், ஒளியால் உண்டாக்கப்பட்ட முப்பரிமாணப் பிம்பம் என்பது கதையின் மையத் திருப்பம். தலைவர்களின் உருவத்தை நாள்தோறும் வீட்டுக்கு அனுப்புவதையே முதல் கடமையாகக் கொண்டிருந்த ஓர் அரசு ஊடகம், பிம்பத்தால் ஆளப்படும் நாட்டைப் பற்றிய கதையை ஒளிபரப்பியது. அறிவியல் புனைவு என்ற போர்வை அதற்கு உதவியது. பழிகரப்பு அங்கதம் எப்போதும் ஏதாவதொரு போர்வையில்தான் பயணம் செய்கிறது. மக்களின் தேர்வே பொருளிழந்துபோன அந்த நாட்டைக் கற்பனை செய்தவர், பகலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது இந்தப் புதினம் இன்னும் சுவைக்கிறது. தொலைக்காட்சி வடிவத்தைப் பார்த்தவர்களின் நினைவில் பெரிதும் தங்கியது ஜீனோ என்ற எந்திர நாய். புதினத்திலும் அறிவுள்ள விமரிசனங்களைச் சொல்வது அந்த நாய்தான்: கதைசொல்லியின் குரலைச் சுஜாதா ஒரு பாத்திரத்தின் வாயில் ஒளித்துவைத்திருந்ததால், திரைக்குப் போகையில் அது முற்றிலும் தொலைந்துபோகவில்லை. ஸ்ரீரங்கத்துக் கதைகளுக்கு இந்த வசதி இல்லை.

1993 சித்திரைப் புத்தாண்டில் சன் தொலைக்காட்சி வந்த பிறகு அரசின் ஏகபோகம் முடிந்தது. அங்கதம் விடுதலை பெறவில்லை. பெரிய அலைவரிசைகளில் பல, அரசியல் கட்சிகளோடு நெருங்கிய உறவு கொண்ட குடும்பங்களாலோ ஆதரவாளர்களாலோ நடத்தப்பட்டதால், எதிரணியைத் திட்டச் செய்திப் பிரிவு போதுமானதாக இருந்தது. நகைச்சுவைப் பிரிவிடம் மாமியார்-மருமகளும் திரைப்படமும் ஒப்படைக்கப்பட்டன. 2000களில் விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா', பிரபலமான திரைப்படங்களைக் காட்சிக்குக் காட்சி பகடி செய்து (பகடி என்பது மூலத்தின் வடிவத்தையே போலிசெய்து கேலி செய்வது) இளைஞர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆட்சியைத் தொட முடியாத ஊடகம் நட்சத்திரங்களைத் தொட்டது. நட்சத்திரமே ஆட்சியாளராகிவிடும் மாநிலத்தில் இது தோன்றுவதைவிடத் துணிவான செயல். அந்தப் பட்டறையிலிருந்து வெளிவந்தவர்கள் திரைப்படத்துக்குப் போனார்களே அன்றிப் புதினத்துக்குப் போகவில்லை. ராம்பாலாவும் 2016இல் 'தில்லுக்கு துட்டு' என்ற படத்தையே இயக்கினார். பிரிட்டனில் ஒரு தொடர் ஆறேழு அத்தியாயங்களோடு நின்று, எழுதியவரின் பெயர் படைப்பாளி என்ற தகுதியுடன் ஒலிக்கும்; புதினம் வெளியிட்டால் அந்தப் பெயரே வாசகரை அழைத்துவரும். தமிழில் நெடுந்தொடரின் வசனகர்த்தா பெயர் ஓடும் எழுத்துகளில் கரைந்துவிடுகிறது. அதை மூலதனமாக வைத்து நூல் விற்க முடியாது.

விதிவிலக்குக்கு மிக அருகில் நிற்பவர் கிரேஸி மோகன். இயந்திரப் பொறியியல் படித்து, தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே எஸ். வி. சேகரின் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதி, 1979இல் சொந்தக் குழு தொடங்கி, தொலைக்காட்சிக்கும் திரைக்கும் வசனம் எழுதியவர். அவருடைய நாடகத்தைத் தழுவி கே. பாலசந்தர் 1983இல் எடுத்த 'பொய்க்கால் குதிரை'யில் முக்கிய வேடமேற்று நடித்தவர் ஸ்ரீரங்கத்து வாலி. மேடையில் பெற்ற புகழோடு மோகன் கதைக்கு வந்தார்: விகடனில் கிச்சாவையும் அவனுடைய எச்சுமிப் பாட்டியையும் வைத்து எழுதிய கதைகள் 'மிஸ்டர் கிச்சா' என நூலாயின. சிரிப்பெழுத்தாளர் ஒருவர் மேடையிலிருந்து அச்சுக்குத் திரும்பிய நேரடிச் சான்று இது. எனினும் இக்கதைகளில் வாசகன் கேட்பது பெரும்பாலும் மேடையின் ஒலியையே. சொல்லுக்குச் சொல் உரசித் தெறிக்கும் சிலேடை, மூச்சுவிட இடமில்லாத உரையாடல், குழப்பத்தின் மேல் குழப்பம் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் சிரிப்பவர்களைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நிற்கும் மனிதன் இல்லை. மோகன் தள்ளி நிற்க விரும்பியவரும் அல்லர். யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைப்பதை ஒரு விரதமாகவே கொண்டிருந்தவருக்கு இலக்கு தேவைப்படவில்லை. அவர் உச்சம் தொட்டது நகைச்சுவையில். அதை அங்கதத்தின் அளவுகோலால் அளந்து குறைசொல்வது அவருக்குச் செய்யும் அநீதி.

இந்தியில் நிலைமை சற்று மாறுபட்டது. சரத் ஜோஷி இதழ்களில் அங்கதக் கட்டுரைகளால் பெயர்பெற்ற பிறகே 1984இல் 'யே ஜோ ஹை ஜிந்தகி' நகைச்சுவைத் தொடரை எழுதினார்; அவருடைய திசை தமிழின் திசையே. மனோகர் ஷியாம் ஜோஷி 1980களின் தொடக்கத்திலேயே புதினங்கள் எழுதியிருந்து, 'ஹம் லோக்', 'புனியாத்' தொடர்களால் நாடறிந்தவராகி, மறுபடியும் புனைகதைக்குத் திரும்பினார். 2005இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த 'க்யாப்', கதைசொல்லியின் நம்பத்தகாத, வம்பளக்கும் குரலையே முதுகெலும்பாகக் கொண்ட அங்கதம். தொடர்களில் ஆண்டுக்கணக்கில் பிறர் வாய்களுக்கு எழுதிய பிறகு தன் குரலுக்கான பசி ஓர் எழுத்தாளனை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்தியச் சான்று இல்லை.

சுஜாதாவுக்கு அந்தப் பசி எழாமல் போனதற்குக் காரணம், அவர் வார இதழை ஒருபோதும் விட்டு நீங்கவில்லை என்பதே. திரைப்பட வசனத்துக்கு முழுமையாகப் போன பிறகும் விகடனில் 'கற்றதும் பெற்றதும்' பத்தியை எழுதி, திரையில் சொல்ல முடியாத ஓரக்குறிப்புகளை அங்கே சொல்லிக்கொண்டார். இதழ் முற்றிலும் பாதுகாப்பான இடமும் அன்று. 1857 கிளர்ச்சியின் பின்னணியில் அவர் குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' ஒரு சாதியினரின் கடும் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே நின்று, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' எனப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆயினும் நின்றதை வேறு பெயரில் மறுபடி எழுத வாய்ப்பளித்ததும் அதே இதழ்தான்; தொலைக்காட்சியில் நிறுத்தப்பட்ட தொடருக்கு அப்படி இரண்டாம் பிறவி வாய்ப்பது கடினம்.

தொலைக்காட்சியையே இலக்காக்கும் வாய்ப்பு அவருக்கு 1999இல் சங்கர் இயக்கிய 'முதல்வன்' படத்தில் அமைந்தது. தனியார் தொலைக்காட்சியில் பணிபுரியும் இளைஞன் ஒருவன் முதலமைச்சரை நேரலையில் நேர்காணுகிறான். கேள்விகள் எல்லை மீறுகின்றன. ஒரு நாள் முதல்வராக இருந்து பார் என்ற சவாலில் நேர்காணல் முடிகிறது. அன்றைய தமிழ்த் தொலைக்காட்சி எதுவும் செய்யத் துணியாத ஒரு நேர்காணலைத் திரைப்படத்துக்குள் கற்பனைத் தொலைக்காட்சி ஒன்று நடத்திக்காட்டியது. இருபது நிமிடம்கூட நீளாத அந்தக் காட்சியின் வசனம், கணையாழிக் கடைசிப் பக்கத்தின் சுருக்கமும் குத்தலும் கொண்டது. பதில் சொல்லத் திணறும் அந்த முதலமைச்சருக்குப் படத்தில் வைக்கப்பட்ட பெயர் அரங்கநாதர்.